துலுக்கானம் அழுத்திய பொத்தான்

ஸ்வீட்லினுக்கு வினைச்சொல் என்றால் ஒரு கிறுக்கு. காலையில் அண்ணனூரில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள், நாலு பேர் பேசுவதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். பூட்டைப் போட்டால் கதவு மூடிக்கொள்கிறது, விளக்கைப் போட்டால் வெளிச்சம் வருகிறது, சண்டை போட்டால் வந்த உறவு போகிறது. ஒரே 'போடு' எப்படி இத்தனை வேலை பார்க்கிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பாள். எதிரில் இருப்பவர்கள், பாவம், இந்தம்மாவுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கிறுக்குக்கு ஒருவர் மாசா மாசம் சம்பளமும் கொடுத்தார் என்பதுதான் அவளுடைய அதிர்ஷ்டம். அவர் பெயர் நாகேந்திரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது பேரை வைத்துக்கொண்டு, தொழிற்சாலை இயந்திரங்களின் பக்கத்தில் மாட்டுகிற தொடுதிரைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற கம்பெனி அவருடையது. மற்ற பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஓடுவதை எழுதுவார்கள். திரையில் தெரிகிற தமிழையும், கூடவே கொடுக்கிற கையேட்டையும் எழுதுவது ஸ்வீட்லின். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு.

போன சித்திரையில் ஒரு பட்டறைக்குத் திரை செய்தார்கள். கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற பட்டறை அது. வண்டிகளுக்கான பல்சக்கரங்களை பர்னஸ் என்கிற உலையில் வைத்து, காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, இரும்புக்குப் பதம் கொடுக்கிற இடம். எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்கிற கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும். அதை அங்கிருந்து பர்னஸ் திரைக்குக் கொண்டுவர ஒரு பொத்தான் வேண்டும். ஊரறிந்த சொல் 'பதிவிறக்கு'. ஆனால் பொத்தானோ தீப்பெட்டி அகலம். ஆறு எழுத்தை அதில் திணித்தால், கண்ணாடி போட்டவனுக்கும் பூதக்கண்ணாடி வேண்டும்.

ஸ்வீட்லின் அரைநாள் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சொல்லின் தலையை வெட்டினாள். 'இறக்கு' என்று நாலே எழுத்து, பளிச்சென்று நின்றது. அன்று முழுக்க அவளுக்கு வாயெல்லாம் பல். நாகேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டி, சொல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெருமையும் பேசினாள்.

ஆடி மாசம் வில்லங்கம் வந்தது. பட்டறையில் ஒரு பர்னஸிலிருந்து வந்த சக்கரங்கள் பதம் வராமல் மெத்தென்று வெளியே வந்தன. அந்த பர்னஸ் கொஞ்சம் பழசு. கூடுதலாக இருபது டிகிரி வைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதை சூப்பர்வைசர் திரையில் திருத்தி வைத்திருந்தார். அந்தத் திருத்தம் காணாமல் போயிருந்தது. மறுபடி திருத்தினார்கள், மறுநாள் பழையபடி. இப்படி மூன்று முறை. பேயா பிசாசா என்று பார்த்தால், திரையின் உள்ளே இருந்த பதிவு காட்டிக்கொடுத்தது: துலுக்கானம் என்கிற ஆபரேட்டர், மூன்று வாரத்தில் நாற்பத்தோரு முறை 'இறக்கு' பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஆபீஸ் கணக்கு வந்து திருத்திய கணக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது.

துலுக்கானத்தை வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். குற்றச்சாட்டு ஒரே வரி: கையேட்டைப் படிக்காமல் இயந்திரத்தை இயக்கினார். வெள்ளிக்கிழமை விசாரணை, அதில் தீர்ந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பட்டறை மேனேஜர் அழகேசன், நாகேந்திரனிடம் ஒரு கடிதம் கேட்டிருந்தார். கையேடு தெளிவாக இருக்கிறது, பிழை ஆபரேட்டருடையது என்று கையேட்டை எழுதியவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

திங்கட்கிழமை நாகேந்திரன் அதை ஸ்வீட்லினிடம் சொன்னபோது, பத்து நிமிஷ வேலைம்மா என்றார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். படிக்காத ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கையேட்டை டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருப்பார்கள். கடிதத்தில் பாதியை எழுதியும் விட்டாள். அப்புறம் சும்மா இருக்கமாட்டாமல் அந்த நாற்பத்தோரு அழுத்தலும் எந்த நேரத்தில் நடந்தது என்று பார்த்தாள். ஒன்றுகூட நடுவில் இல்லை. எல்லாமே, பர்னஸில் சரக்கு காய்கிற ஒரு சுற்று முடிந்து மணி அடித்த ஒரு நிமிஷத்துக்குள். கவனமில்லாதவனின் கை இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யுமா என்று அவளுக்குக் குடைய ஆரம்பித்தது. குடைச்சல் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

புதன்கிழமை மத்தியானம் கரையான்சாவடிக்கு பஸ் ஏறிவிட்டாள். பட்டறையில் அப்போது வேலையில் இருந்தவர் நஜீர், மற்ற ஷிப்ட் ஆபரேட்டர். நல்ல மனுஷர், ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் அந்தப் பொத்தானை அழுத்துவதே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது என்ன பொத்தான் என்றே தெரியாது, புக்கை இன்னும் பிரிக்கவில்லை என்று வெட்கமே இல்லாமல் சொன்னார். ஸ்வீட்லின் அதை மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். படிக்காதவர் கையில் பர்னஸ் பத்திரமாக இருக்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறதே.

அப்போது மணி அடித்தது. பர்னஸ் மூடி திறந்தது. கூடையைத் தூக்குகிற செயின் பிளாக்கைப் பிடித்திருந்தவனைப் பார்த்து நஜீர் குரல் கொடுத்தார்.

"இறக்குப்பா."

சிவக்கக் காய்ந்த சக்கரங்களோடு கூடை மேலே வந்தது, பக்கத்து எண்ணெய்த் தொட்டிக்குள் போனது. பர்னஸிலிருந்து சரக்கை வெளியே எடுப்பதற்கு அங்கே பெயர் 'இறக்குவது'. வைப்பது ஏற்றுவது, எடுப்பது இறக்குவது. ஷிப்டுக்கு இரண்டு மூன்று தடவை அந்தச் சுவர்களுக்குள் கேட்கிற சொல். ஸ்வீட்லின் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். பையிலிருந்து கையேட்டை எடுத்து, தன் கையால் எழுதிய ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள். 'சுற்று முடியும் முன் இறக்கக் கூடாது. முடிந்ததும் இறக்கு பொத்தானை அழுத்தவும்.' சுற்று ஓடும்போது கணக்கு மாறினால் ஆபத்து என்று எழுதிய எச்சரிக்கை அது. அந்தச் சூட்டில் நின்று படித்தபோது, அதில் கணக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அங்கிருந்து நேரே கோவில்பதாகைக்கு, துலுக்கானத்தின் வீட்டுக்குப் போனாள். துலுக்கானத்துக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும், அவளைவிட இரண்டு மூன்று வயசு சின்னவர். வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"இன்னா மேடம், நீங்களும் எழுதி வாங்க வந்துகீறீங்களா?"

பட்டறையிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். படிக்காமல் அழுத்திவிட்டேன், மன்னிக்கவும் என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் பேக்கிங்கில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாரு என்று மனைவி பத்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டாள். துலுக்கானம் அசையவில்லை.

"படிச்சிட்டுதான் அமுக்கினேன். படிக்காம அமுக்கினேன்னு எழுதச் சொல்றாங்கோ. இன்னா வேணா எழுதுறேன், அத்த மட்டும் எழுத மாட்டேன்."

தான்தான் அந்தப் புத்தகத்தை எழுதியவள் என்று ஸ்வீட்லின் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புத்தகங்களை மனுஷர்கள் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எழுதியவரே பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார் என்று தெரியாது. பத்மா நாற்காலி போட்டாள்.

ஒன்பதாம் பக்கத்தை அவரிடம் கொடுத்து, இதைப் படித்தபோது என்ன புரிந்தது என்று கேட்டாள். அவர் விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகப் படித்தார். பாதியில் இறக்கினால் சரக்கு காலி, அதனால் முடியும் முன் இறக்கக் கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி என்றார். முடிந்ததும் 'இறக்கு' பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு, நான் சரக்கை இறக்குகிறேன் என்று தகவல் சொல்லும் பொத்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் செயின் பிளாக்கில் இறக்கியிருக்கிறார். எந்த வரியில் என்ன தப்பு என்று அவளையே கேட்டார். அவள் கையேட்டை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

ஆனால் உள்ளே இருக்கிற கிறுக்கு சும்மா இருக்குமா? வந்த துக்கத்தையும் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து 'பதிவிறக்கு' என்று எழுதினாள். தலையை வெட்டாமல் முழுச் சொல்லையும் போட்டிருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள் என்று கேட்டாள். துலுக்கானத்தின் முகம் மலர்ந்தது.

"பதிவு... இறக்கு. நோட்டுல பதிவு போட்டுட்டு அப்பால இறக்கு. இது இன்னும் நல்லாக் கீதே மேடம். இத்தயே வெச்சிருக்கலாமே."

பர்னஸ் பக்கத்தில் ஒரு நோட்டு உண்டு. சரக்கை எடுக்கும் முன் நேரத்தை அதில் எழுத வேண்டும். ஸ்வீட்லினுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. இது டவுன்லோட் என்பதற்கான தமிழ் என்று விளக்கினாள். அவர் அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, டவுன்லோடு என்றே போட்டிருந்தால் எனக்கும் தெரியும், என் பொண்ணுக்கும் தெரியுமே என்றார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. டவுன்லோட் என்று எழுதுவது சோம்பேறித்தனம் என்று ஆபீஸில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள்.

அவரே அடுத்ததையும் கேட்டார். தன் போனை எடுத்துக் காட்டி, இதில் டவுன்லோடு செய்தால் புதுசு ஒன்று வந்து சேருகிறது, பழசு அப்படியே இருக்கிறது. உங்கள் பொத்தான் பழசை என்ன செய்கிறது என்றார். இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆபீஸ் கணக்கை வைக்கிறது என்றாள் ஸ்வீட்லின்.

"அப்போ அது இறக்குறதும் இல்ல, டவுன்லோடும் இல்ல. மாத்துறது. மாத்துன்னு போட்டிருந்தா நான் ஏன் கைய வெக்கப் போறேன்?"

ஸ்வீட்லின் தாளைப் பார்த்தாள். 'மாற்று.' மூன்றே எழுத்து, தீப்பெட்டியில் தாராளமாக அடங்கும். அரைநாள் உட்கார்ந்து யோசித்தபோது, கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று மட்டும்தான் யோசித்தாள். பர்னஸ் முன்னால் நிற்கிற ஆளுக்கு என்ன நடக்கிறது என்று யோசிக்கவே இல்லை. பொத்தானுக்குப் பேர் வைத்தவள் பொத்தானுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் விஷயம். அதை அவளிடம் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, உண்மையைச் சொன்னால், புதிதாக ஒன்று கிடைத்த சந்தோஷமும் இருந்தது. வேலை போய் உட்கார்ந்திருக்கிறவர் வீட்டில் சந்தோஷப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

வியாழக்கிழமை புதுக் கடிதத்தை எழுதி நாகேந்திரனிடம் கொடுத்தாள். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த மாசத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவிட்டவர். கத்தவும் இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்துச் சில சொற்களை மட்டும் திருத்தினார். 'சுருக்கினேன்' என்பதை 'சுருக்கப்பட்டது' ஆக்கினார். 'விசாரிக்காமல் விட்டேன்' என்பதை 'குழப்பம் நேர்ந்திருக்கலாம்' ஆக்கினார். 'மாற்றிவிட்டது' என்பதற்கு 'மாறியுள்ளது' என்று போட்டார். உண்மையை யாரும் மறைக்கவில்லையே, நடந்தது நடந்தது என்றுதானே எழுதியிருக்கிறோம், இதனால் யாருக்கும் சேதமில்லை என்றார்.

ஸ்வீட்லின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். தமிழ் வினைச்சொல்லின் வாலில் ஆள் உட்கார்ந்திருப்பான். '-ஏன்' என்று முடிந்தால் நான், '-ஆர்' என்று முடிந்தால் அவர். நாகேந்திரன் எல்லா வாலையும் பார்த்துப் பார்த்து நறுக்கியிருந்தார். சுருக்கப்பட்டது, நேர்ந்தது, மாறியது. ஒரு ஆளையும் காணோம், வேலை எல்லாம் தானாக நடந்திருக்கிறது. ஆனால் நாளைக்கு அழகேசன் மேஜை முன்னால் ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். தானாக நடந்ததெல்லாம் அவர் தலையில்தான் போய் விழும், வேறு யார் தலையும் அங்கே இருக்காது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பதினோரு வருஷ வேலை. பழுதான சரக்குக்கெல்லாம் பட்டறைக்காரர்கள் நாகேந்திரன் சட்டையைப் பிடித்தால், அவர் யார் சட்டையைப் பிடிப்பார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தான் எழுதியபடியே கடிதத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அதைச் செய்துவிட்டதாக நாகேந்திரனிடம் போய்ச் சொல்லியும் விட்டாள். உன் இஷ்டம்மா என்றார் அவர். அந்த 'அம்மா'வில் பழைய ஈரம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அழகேசன் அறையில் விசாரணை. அழகேசன் மேஜைக்குப் பின்னால், நாகேந்திரனும் ஸ்வீட்லினும் இந்தப் பக்கம் நாற்காலிகளில். துலுக்கானத்துக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அழகேசன் கடிதத்தைச் சத்தமாகவே படித்தார். இடம் போதாததால் 'பதிவிறக்கு' என்ற சொல்லை 'இறக்கு' என்று நான் சுருக்கினேன். உங்கள் பட்டறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதை விசாரிக்காமல் விட்டேன். ஒன்பதாம் பக்க எச்சரிக்கையைப் பொருள் திரியும்படி எழுதினேன். அந்தப் பொத்தான் திருத்திய கணக்கை மாற்றிவிட்டது. பொத்தானின் பெயரை 'மாற்று' என ஆக்கி, அழுத்தியதும் 'இருக்கும் செட்டிங்கை மாற்றவா?' என்று கேட்கும்படி செய்து தருகிறோம். இவ்வளவுதான் கடிதம்.

அழகேசன் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். காலையும் மாலையும் 'இறக்கு' 'இறக்கு' என்று அவர் காதில் விழாத நாள் உண்டா? திரையை வாங்கி மாட்டிய அன்று பொத்தானைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தபோது தனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்றார். சரக்கு நஷ்டத்தைப் பற்றி நாகேந்திரனிடம் தனியாகப் பேச வேண்டும், துலுக்கானம் திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வரலாம் என்று சொல்லி எழுந்திருக்கப் போனார். நாகேந்திரன் ஸ்வீட்லின் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

துலுக்கானம் நகரவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். அழகேசன் கொடுத்தார். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, எல்லோரும் காத்திருக்க அவர் படித்து முடித்தார். பிறகு ஸ்வீட்லினைப் பார்த்தார்.

"நீங்க சுருக்கினீங்க, நீங்க உட்டீங்க, நீங்க எழுதினீங்க. எல்லாம் நீங்களே பண்ணியிருக்கீங்க மேடம். நான் இன்னா பண்ணேன்னு இதுல எங்கியுமே இல்லியே?"

அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் கடிதத்தில் அவர் பெயரே வராமல் எழுதியிருந்தாள். அவரைக் கடிதத்திலிருந்தே வெளியே தள்ளியிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைத்தது. தாளை வாங்கி, கையெழுத்துக்குக் கீழே பேனாவால் எழுதினாள்: 'துலுக்கானம் சொன்னபடி செய்தார்.' எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"எனக்கு யாரும் சொல்லல மேடம்."

ஸ்வீட்லினுக்கு முகம் சிவந்தது. அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். அவசரப்படாமல், எழுத்தைப் பெரிதாக்கி, கீழே எழுதினாள்: 'துலுக்கானம் கையேட்டைப் படித்தார். படித்தபடியே செய்தார்.'

துலுக்கானம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளை அழகேசன் பக்கம் நகர்த்தி, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். அழகேசன் நாகேந்திரனைப் பார்த்தார், ஸ்வீட்லினைப் பார்த்தார், பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அதற்குப் பிறகுதான் துலுக்கானம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.